மகனின் பாம்பும் மாநில மசோதாவும்

கேள்வி: டாக்டர், நாங்கள் அமெரிக்காவில் தென்கிழக்கு மாநிலம் ஒன்றில் இருக்கிறோம். 16 வயது மகன் மூன்று வருடமாக பால் பைத்தான் (ball python) என்ற சிறிய மலைப்பாம்பு ஒன்றை வளர்க்கிறான். முதலில் நான் அந்த அறைப் பக்கமே போகமாட்டேன். இப்போது அவன் பள்ளி முகாமுக்குப் போனால் தண்ணீர் மாற்றுவது நான்தான். எங்கள் மாநிலச் சட்டசபையில் ஒரு மசோதா வந்திருக்கிறது. மலைப்பாம்பு, போவா வகைகள் எதையும் இனி வாங்கவோ விற்கவோ குஞ்சு பொரிக்க வைக்கவோ கூடாதாம். ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் 90 நாளுக்குள் பதிவு செய்து, வருடா வருடம் கட்டணம் கட்டி, காப்பீடும் எடுக்க வேண்டுமாம். தவறினால் பறிமுதல். இங்குள்ள பாம்பு வளர்ப்போர் சங்கம் ஒரு மாதிரிக் கடிதம் அனுப்பி, குடும்பத்தோடு கையெழுத்திட்டுச் சட்டசபை உறுப்பினர்களுக்கு அனுப்பச் சொல்கிறது. வீட்டுப் பாம்பால் யாரும் செத்ததில்லை, ஃப்ளோரிடாவில் நடந்தது புயலின் வேலை, இன்று பாம்பு என்றால் நாளை உங்கள் நாய் என்று அதில் எழுதியிருக்கிறது. மசோதா பற்றிச் சட்டசபைக் குழு நடத்தும் பொது விசாரணையில் பேசப் பெயர் கொடுக்கப்போகிறேன் என்கிறான் மகன். நாங்கள் விசாவில் இருப்பதால் என் கணவருக்குப் பயம். கையெழுத்துப் போடலாமா? அவன் பேசலாமா? பாம்பை இப்போதே யாரிடமாவது கொடுத்துவிடுவதா? ஊரிலிருக்கும் மாமியாருக்கு இந்தப் பாம்பு விஷயமே இன்னும் தெரியாது.

— பெயர் வெளியிட விரும்பாத தாய்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, மசோதாவை எதிர்த்து எழுதுங்கள், ஆனால் அந்த மாதிரிக் கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். மகன் பேசட்டும். பாம்பு இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். ஏன் என்று இனிச் சொல்கிறேன். ஊர்வனவற்றுக்கு வைத்தியம் பார்க்கிறவள் என்ற முறையில் இந்த மசோதாக்களையும் அவற்றை எதிர்ப்பவர்களையும் பல வருடமாகப் பார்த்துவருகிறேன். சங்கங்கள் தோற்ற இடங்களில் பெரும்பாலும் பொய்யான வாதத்தை வைத்துத்தான் தோற்றிருக்கின்றன. நல்ல வாதம் கையிலேயே இருந்தும் அதைப் பேசவில்லை.

மசோதாவின் பெரிய குறை ‘எல்லா மலைப்பாம்பும், எல்லா போவாவும்’ என்ற ஒரு வரியில் இருக்கிறது. மலைப்பாம்புக் குடும்பத்தில் மட்டும் 40 இனங்கள் வரை உண்டு. 6 மீட்டரைத் தாண்டும் ரெட்டிக்குலேட்டட் மலைப்பாம்பும் அதில் அடக்கம், ஒரு மீட்டருக்குள் நின்றுவிடும் ஆஸ்திரேலியச் சிறு இனங்களும் அடக்கம். போவா என்றால் அனகோண்டாவும் வரும், நம் ஊர் மண்ணுளிப் பாம்பின் உறவான கென்ய மண்ணுளியும் வரும். இத்தனையையும் ஒரே கயிற்றில் கட்டினால், ஆபத்தான விலங்குக்குத் தேவையான கடுமை சட்டத்தில் இருக்காது, ஆபத்தில்லாத விலங்குக்குத் தேவையில்லாத கடுமைதான் இருக்கும்.

உங்கள் மகனின் பால் பைத்தான் மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. வளர்ந்த பெண் பாம்பே பொதுவாக 4, 5 அடியோடு நின்றுவிடும், எடை ஒன்றரை, இரண்டு கிலோ. பயந்தால் தலையை நடுவில் வைத்துப் பந்தாகச் சுருண்டுகொள்ளும். ஒரு முறைக்கு இடுவது பெரும்பாலும் 4 முதல் 8 முட்டை. பர்மிய மலைப்பாம்பு ஒரே முறையில் 50, 80 முட்டைகூட இடும். ஓர் இனம் அந்நிய மண்ணில் பெருகுமா என்று கணக்குப் பார்க்கும்போது முதலில் பார்க்கவேண்டிய வேறுபாடுகளில் இது ஒன்று. பால் பைத்தான் ஒரு மனிதரைக் கொன்றதாக ஒரு பதிவைக்கூட நான் பார்த்ததில்லை.

மகன் விசாரணையில் சொல்லவேண்டிய மிக வலுவான செய்தி ஒன்று உண்டு. அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறை 2009இல் ராட்சதப் பாம்புகள் பற்றி ஓர் ஆபத்து மதிப்பீடு வெளியிட்டது. 9 வகைகளை எடுத்து ஆராய்ந்தார்கள். அதில் பால் பைத்தான் இல்லை. பாம்புகளால் நாட்டிலேயே அதிகம் அடிபட்ட மாநிலமான ஃப்ளோரிடா, 2021இல் 16 வகை ஊர்வனவற்றைத் தடைப் பட்டியலில் சேர்த்தது. பர்மிய, ரெட்டிக்குலேட்டட், ஆப்பிரிக்க மலைப்பாம்புகள், அனகோண்டாக்கள், டெகு என்ற பெரிய பல்லி, பச்சை இகுவானா எல்லாம் அதில் உண்டு. பால் பைத்தான் அதிலும் இல்லை. ஃப்ளோரிடாவே தேவையில்லை என்று விட்டதை, அதைவிடக் குளிரான உங்கள் மாநிலம் ஏன் தடை செய்ய வேண்டும் என்று கேட்டால், குழு அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். நாயைப் பற்றிப் பேச வேண்டிய அவசியமே இல்லை.

இப்போது அந்தக் கடிதத்துக்கு வருகிறேன்.

‘வீட்டுப் பாம்பால் யாரும் செத்ததில்லை.’ இது பொய். 2009 ஜூலையில் ஃப்ளோரிடாவில், வீட்டில் வைத்திருந்த பர்மிய மலைப்பாம்பு இரவில் கூண்டிலிருந்து தப்பி இரண்டு வயதுக் குழந்தையைக் கொன்றது. 2013 ஆகஸ்டில் கனடாவின் நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தில், கேம்பெல்டன் என்ற ஊரில், ஒரு செல்லப்பிராணிக் கடையின் மேல்மாடியில் தூங்கிக்கொண்டிருந்த அண்ணன் தம்பி இருவர் தப்பிய ஆப்பிரிக்க மலைப்பாம்பால் செத்தார்கள். 6 வயதும் 4 வயதும். குழுவில் உட்கார்ந்திருக்கும் யாராவது ஒருவருக்கு இந்த இரண்டு செய்திகளும் கட்டாயம் நினைவிருக்கும். அந்தக் குழந்தைகள் இருந்ததையே மறுக்கும் ஒரு காகிதத்தில் ஒரு தாயாக உங்கள் பெயர் இருக்க வேண்டாம். இதற்கு நியாயமான பதில் வேறு இருக்கிறது. ஃப்ளோரிடா சம்பவத்தில் அந்தப் பாம்புக்கு உரிமம் வாங்க வேண்டும் என்ற விதி அப்போதே இருந்தது. அவர்கள் வாங்கவில்லை. இரண்டு சம்பவங்களிலும் பெரிய இனம், தப்பிக்க வழியிருந்த அடைப்பு. ஆகவே பெரிய இனங்களுக்குப் பூட்டு, உரிமம், நேரில் வந்து சோதனை என்று கேட்பதுதான் அந்த மரணங்களுக்கு மரியாதை செய்யும் வாதம்.

‘ஃப்ளோரிடாவில் நடந்தது புயலின் வேலை.’ இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் வளர்ப்போர் அதிகம் நம்பிப் பேசுவது இதைத்தான். 1992 ஆகஸ்டில் ஆண்ட்ரூ புயல் மயாமிக்குத் தெற்கே கரையேறியது. அதில் ஒரு பாம்பு வளர்ப்புக் கூடம் சிதறியது, அதிலிருந்து பாம்புகள் வெளியே போயின. இதுவரை சரி. ஆனால் தென் ஃப்ளோரிடாவின் சதுப்புநிலமான எவர்கிளேட்ஸ் பகுதியில் பர்மிய மலைப்பாம்பு அதற்கு முன்பே, 1979இலேயே பதிவாகியிருக்கிறது. 2000ஆம் ஆண்டு வாக்கில் அங்கே அது இனம் பெருக்கி நிலைத்துவிட்டது என்று ஒப்புக்கொண்டார்கள். 2012இல் வந்த ஓர் ஆய்வு, தேசியப் பூங்காவின் சாலைகளில் முன்பு எண்ணியதோடு ஒப்பிட்டு, ரக்கூன் தென்படுவது 99.3 சதவீதமும் ஒப்போசம் 98.9 சதவீதமும் பாப்கேட் என்ற காட்டுப்பூனை 87.5 சதவீதமும் குறைந்துவிட்டதாகச் சொன்னது. சதுப்பு முயல் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. புயலில் போனதோ, வளர்க்க முடியாமல் யாரோ ராத்திரியில் விட்டுவிட்டு வந்ததோ, எதுவானாலும் அந்தப் பாம்புகள் கடல் தாண்டி வந்தது செல்லப்பிராணி வியாபாரத்தில்தான். இதை வளர்ப்போர் தரப்பு முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொண்ட பிறகு பேசினால்தான் மற்றது காதில் ஏறும்.

ஒருமுறை விட்டால் திரும்பப் பிடிப்பது எவ்வளவு கஷ்டம் என்பதற்கு நம்மவர்களே சாட்சி. 2017 தொடக்கத்தில் செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்கள் மாசி சடையன், வடிவேல் கோபால் இருவரையும் ஃப்ளோரிடா பல்கலைக்கழகமும் மாநில வனவிலங்கு ஆணையமும் வரவழைத்தார்கள். முதல் இரண்டு வாரத்துக்குள் 13 மலைப்பாம்புகளைக் கண்டுபிடித்தார்கள். கீ லார்கோ தீவில் கைவிடப்பட்ட ஓர் ஏவுகணைத் தளத்திலிருந்து 16 அடிப் பெண் பாம்பை வெளியே இழுத்தார்கள். 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. அப்படிப்பட்ட கண்ணும் கையும் உள்ளவர்கள் போயே இவ்வளவுதான் முடிந்தது என்றால், அந்தப் புல்வெளிக்குள் மறைந்திருப்பது எத்தனை என்று யோசித்துப் பாருங்கள். மகனுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள். பிடித்தமான பாம்பு, பாம்பு பிடிக்கும் நம் ஊர்க்காரர்கள், அவன் பார்க்காத ஒரு பூங்காவில் காணாமல் போன முயல்கள், மூன்றும் ஒரே விஷயம் என்று அவனுக்குப் புரியும்.

இதே எவர்கிளேட்ஸ் விஷயத்திலேயே வளர்ப்போர் பக்கம் உண்மையான ஒரு வாதமும் இருக்கிறது. 2008இல் ஒரு வரைபடம் வந்தது. நாட்டின் தென்பகுதி முழுக்கவே பர்மிய மலைப்பாம்புக்கு ஏற்ற தட்பவெப்பம் உண்டு என்று அது காட்டியது. பத்திரிகைகள் அதைத் தூக்கிப் பிடித்தன. பிறகு ஃப்ளோரிடாவில் பிடித்த 10 பாம்புகளைத் தென் கரோலினாவில் ஓர் அடைப்புக்குள் திறந்தவெளியில் விட்டுப் பார்த்தார்கள். 2010 ஜனவரிக் குளிரில் பத்தும் செத்தன. அந்தக் குளிரில் ஃப்ளோரிடாவிலேயே ஏராளமாகச் செத்தன, ஆனால் பிழைத்தவையும் உண்டு. ஆகவே ஆபத்தே இல்லை என்று பேச முடியாது. மயாமிக்குப் பொருந்துவது வடக்கே போகப் போக அப்படியே பொருந்தாது, மாநிலத்துக்கு மாநிலம் தனியாக ஆராய வேண்டும் என்று பேசலாம். உங்கள் மாநிலத்து மசோதாவுக்கு அப்படி ஓர் ஆய்வு பின்னால் இருக்கிறதா என்று கேளுங்கள்.

‘இன்று பாம்பு, நாளை நாய்.’ இதை எழுதாதீர்கள். படிப்பவர் சிரித்துவிட்டு அடுத்த காகிதத்துக்குப் போய்விடுவார். ஆனால் இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும், அது காற்றில் பிறந்ததில்லை. லேசி சட்டம் என்று 1900ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு. தீங்கான அந்நிய விலங்குகள் நாட்டுக்குள் வருவதை அதன் ஒரு பிரிவு தடுக்கிறது. 2012இல் பர்மிய மலைப்பாம்பு, ஆப்பிரிக்க மலைப்பாம்பு இரண்டு வகை, மஞ்சள் அனகோண்டா ஆகிய நான்கை அதில் சேர்த்தார்கள். 2015இல் ரெட்டிக்குலேட்டட்டும் பச்சை அனகோண்டாவும் இன்னும் இரண்டு அனகோண்டா வகைகளும் சேர்ந்தன. போவாவைச் சேர்க்கும் யோசனையைக் கைவிட்டார்கள். யூஎஸ்ஆர்க் என்ற அமெரிக்க ஊர்வன வளர்ப்போர் சங்கம் நீதிமன்றம் போனது. 2017 ஏப்ரலில் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம், கண்டப்பரப்பில் உள்ள மாநிலங்களுக்கிடையே கொண்டுபோவதைத் தடுக்க அந்தப் பிரிவில் இடமில்லை என்று தீர்ப்பளித்தது. 2022 பிப்ரவரியில் பிரதிநிதிகள் சபை நிறைவேற்றிய வேறொரு பெரிய மசோதாவுக்குள் லேசி சட்டத் திருத்தம் ஒன்றை நுழைத்திருந்தார்கள். அனுமதிப் பட்டியலில் இல்லாத விலங்கை இறக்குமதி செய்யவே கூடாது என்ற திசையில் அது போனது. கடைசியில் சட்டமான வடிவத்தில் அது இல்லை. கணினிச் சில்லுத் தொழிலுக்கான ஒரு சட்டத்தின் நடுவில் தங்கள் வீட்டு விலங்குகளின் கதி முடிவாக இருந்ததைப் பார்த்தவர்கள் அடுத்த மசோதாவைச் சந்தேகத்தோடு பார்ப்பது இயல்பு.

பறிமுதல் என்ற சொல்லுக்கு அவர்கள் நடுங்குவதற்கும் காரணம் உண்டு. 2023இல் ஃப்ளோரிடாவில் ஒரு வளர்ப்பிடத்துக்குப் போன அதிகாரிகள் தடை செய்யப்பட்ட மலைப்பாம்புகளை அங்கேயே கொன்றார்கள். கூடவே தடையில்லாத ஒரு வளர்ப்புப் போவாவையும் தவறுதலாகக் கொன்றார்கள். இதைப் படித்த அன்று எனக்கு மனம் ஆறவில்லை. உங்கள் கடிதத்தில் இதற்கென்று ஒரு வரி ஒதுக்குங்கள்: பறிமுதலாகும் விலங்கை யார் அடையாளம் காண்பார், எங்கே வைப்பார்கள், உரிமையாளர் மேல்முறையீடு செய்யும்வரை அது உயிரோடு இருக்குமா என்று மசோதாவிலேயே எழுதச் சொல்லுங்கள்.

வெறும் எதிர்ப்பாக நிற்காமல் மாற்று ஒன்றையும் சேர்த்துக் கேளுங்கள். எந்த இனங்கள் என்று பெயர் சொல்லிப் பட்டியல் வேண்டும். பெரிய இனங்களுக்கு உரிமமும், தோலுக்கடியில் மைக்ரோசிப்பும், பூட்டிய அடைப்பும் கட்டாயமாகட்டும். வளர்க்க முடியாதவர்கள் தண்டனையில்லாமல் ஒப்படைக்க ஓர் ஏற்பாடு வேண்டும். ஃப்ளோரிடா 2006 முதல் அப்படி ஓர் ஏற்பாட்டை நடத்துகிறது, ஒப்படைப்பவரிடம் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள், விலங்குக்கும் வேறு வீடு பார்த்துக் கொடுப்பார்கள். என் பார்வையில் தடைச் சட்டத்தைவிட அதிகப் பாம்புகளைக் காட்டுக்குப் போகாமல் தடுப்பது இதுதான். ஒப்படைக்க இடமில்லாதவன்தான் இருட்டில் ஓடைக்கரைக்குப் போகிறான். காப்பீடு பற்றியும் கேளுங்கள். பல வீட்டுக் காப்பீடுகள் இப்படிப்பட்ட விலங்குகளை விலக்கிவைக்கின்றன. கிடைக்காத காப்பீட்டைக் கட்டாயமாக்கினால் அது மறைமுகத் தடை.

மகன் பேசுவது பற்றி. தாராளமாகப் பேசலாம். வழக்கமாக ஒருவருக்கு இரண்டு, மூன்று நிமிடம்தான் தருவார்கள். எழுதிவைத்து வாசிக்கட்டும். பாம்பை அங்கே கொண்டுபோக வேண்டாம். அது நல்ல எண்ணத்தில் செய்தாலும் பயந்த ஒருவரை இன்னும் பயமுறுத்தும், பாம்புக்கும் அவஸ்தை. தன் பாம்பின் அடைப்பில் சூடான பக்கம் 31, 32 டிகிரி, குளிர்ந்த பக்கம் 25, 26 டிகிரி என்று வைப்பது, ஈரப்பதம் பார்ப்பது, உறையவைத்த எலியை இளக்கிக் கொடுப்பது, சட்டை உரிக்கும் நாளில் தொடாமல் இருப்பது, இதையெல்லாம் அவன் வாயால் சொன்னால் போதும். ஒழுங்காக வளர்ப்பவர் எப்படி இருப்பார் என்று அங்கிருக்கும் பலர் முதல்முறையாக அன்றுதான் பார்ப்பார்கள். குழந்தைகளுக்குச் சால்மொனெல்லா என்ற கிருமியால் வயிற்றுநோய் வருமே என்று யாராவது கேட்கலாம். கேட்டால், ஆமாம் வரும், தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவுகிறோம், 5 வயதுக்குக் கீழ் உள்ளவர்களைத் தொடவிடுவதில்லை, சமையலறைத் தொட்டியில் எதையும் கழுவுவதில்லை என்று சொல்லட்டும். (இதையெல்லாம் வீட்டில் உண்மையாகவே செய்கிறீர்கள்தானே?)

உங்கள் கணவரின் பயத்தை நான் ஒதுக்க மாட்டேன். பொது விசாரணையில் கருத்துச் சொல்வது ஓட்டுப் போடுவதைப் போன்றதில்லை. அங்கே குடியிருப்பவர் என்ற முறையில் யாரும் எழுதலாம், பேசலாம். இருந்தாலும் உங்கள் குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். அதைவிட முக்கியமாக அவரிடம் கேட்கவேண்டியது வேறு. மசோதா சட்டமாகி, பதிவு செய்யும் தேதியை நீங்கள் தவறவிட்டால் அது வெறும் அபராதமா, குற்ற வழக்கா? விசாவில் இருப்பவர்களுக்கு இந்த வேறுபாடு பெரியது. சங்கத்தில் சிலர் பதிவே செய்யாதீர்கள், சட்டத்தை நீதிமன்றத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்பார்கள். நீங்கள் அதைக் கேட்காதீர்கள். மசோதாவை முழுமூச்சாக எதிர்த்துவிட்டு, அது சட்டமானால் முதல் வாரமே போய்ப் பதிவு செய்யுங்கள்.

அதற்காக இன்றே ஒரு கோப்பு தொடங்குங்கள். பாம்பு வாங்கிய ரசீது, வாங்கிய தேதி தெரியும் புகைப்படம், மருத்துவரிடம் காட்டிய சீட்டுகள். மைக்ரோசிப் இல்லையென்றால் போட்டுவிடலாம், அந்த அளவுப் பாம்புக்கு அது சிரமமில்லை. மூடிக்குப் பூட்டு வாங்குங்கள். பதற்றத்தில் வேறு மாநிலத்து நண்பரிடம் அனுப்பிவிடாதீர்கள். அந்த மாநிலத்தின் விதி என்னவென்று தெரியாமல் அனுப்பினால் இரண்டு வீட்டுக்கும் தொல்லை. நீங்களே ஊர் மாறினாலும் இதே எச்சரிக்கைதான். ஹவாயில் பாம்பு வளர்ப்பதற்கே முழுத் தடை, 2 லட்சம் டாலர் வரை அபராதம், சிறையும் உண்டு.

இன்னொன்றையும் குடும்பமாக உட்கார்ந்து பேசுங்கள், இதை மசோதா இல்லாவிட்டாலும் சொல்லியிருப்பேன். பால் பைத்தான் 20, 30 வருடம் இருக்கும். செயின்ட் லூயிஸ் மிருகக்காட்சிச் சாலையில் ஒன்று 60 வயதைத் தாண்டி 2020இல் முட்டையிட்டது. உங்கள் மகன் இரண்டு வருடத்தில் கல்லூரி விடுதிக்குப் போவான். பெரும்பாலான விடுதிகள் பாம்பை அனுமதிப்பதில்லை. அப்புறம் தண்ணீர் மாற்றுவதோடு எலி இளக்கிக் கொடுப்பதும் உங்கள் வேலைதான். அதற்கு மனம் ஒப்புகிறதா என்று இப்போதே முடிவெடுத்து, ஒப்பவில்லையென்றால் யார் எடுத்துக்கொள்வார் என்பதையும் பேசிவையுங்கள். கைவிடப்பட்டு எங்களிடம் வரும் பாம்புகளில் நிறைய, 18 வயதில் வீட்டைவிட்டுப் போன பிள்ளைகளின் பாம்புகள்.

மாமியாரிடம் மறைக்க வேண்டியதில்லை என்று எனக்குப் படுகிறது. புற்றுக்குப் பால் ஊற்றிய தலைமுறை பாம்பென்றால் கும்பிடும், பயப்படும், ஆனால் வெறுக்காது. அடுத்த வீடியோ அழைப்பில் பேரனே காட்டட்டும்.

மாநிலச் சட்டசபைகளில் விசாரணைத் தேதி அறிவிப்பு மிகக் குறுகிய அவகாசத்தில் வரும், பேசப் பெயர் கொடுக்க ஓரிரு நாள்கூடக் கிடைக்காமல் போகலாம். ஆகவே எழுத்தில் உள்ள கருத்தை இந்த வாரமே குழுவுக்கும் உங்கள் தொகுதி உறுப்பினருக்கும் தனித்தனியாக அனுப்பிவிடுங்கள். 18 வயதுக்குக் கீழ் உள்ளவர் பேசப் பெற்றோர் கையெழுத்து வேண்டுமா என்று குழு அலுவலகத்தில் தொலைபேசியில் கேளுங்கள். கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம், மேலே மசோதா எண்ணைப் போட மறக்காதீர்கள்.